விடுபட்ட வரிகள்

வாகரை,
18.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுலோ எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அத்தானும் என் பிள்ளை வித்துவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனையைத் தொட்டேன்.

போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். எழுத வைத்துவிட்டார்கள். செப்டெம்பர் வரைக்கும் சனி, ஞாயிறு எங்களுக்குப் பயிற்சி. பிள்ளைகள் கடகடவென்று வாசிக்கிறார்களாம், வாசித்தது விளங்குவதில்லையாம். விளங்க வைக்கிற வழியை ஆசிரியர்களுக்குக் காட்டப் போகிறார்களாம். இருபது வருடம் படிப்பித்த என்னைப் பாயில் இருத்தி, ஒரு கதைப் பந்தியைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் கையில் தந்து, ஒழுங்காக அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன். ஒழுங்கு பிழைத்துப் போனது.

பயிற்சி தருபவர் ஏறாவூர் ஜிப்ரி சேர். “நீங்க இஞ்ச படிப்பிக்க வந்தாக்கள் இல்ல டீச்சர்மார், படிக்க வந்தாக்கள். முதல்ல செஞ்சி பாருங்க, மறுகா கதைப்பம்” என்கிறார். ஆள் நல்லவர் மாதிரித்தான். ஆனால் பின் வரிசையில் ஒரு பெண் இருந்து எங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறா. என்னவென்று கேட்டால் சிரிக்கிறா. தேத்தண்ணீரோடு இரண்டு விதமான பிஸ்கட் வேறு. சும்மா யார் அக்கா இரண்டு விதமான பிஸ்கட் தருவார்கள்? விரும்பிய ஊருக்கு இடமாற்றம் கொடுக்க ஆள் பிடிக்கிற வேலை இது என்று எனக்குச் சந்தேகம். ஆகவே ஒரு நாளும் தவறாமல் போகப் போகிறேன். அதுவரை வீட்டுக்கு வர முடியாது.

வீட்டில் ஒருவருக்குக் கையால் கடிதம் எழுதி, வரும் பதிலைப் பழகிய முறையில் வாசித்துப் பார்ப்பதும் பயிற்சியில் ஒன்று. யாருக்கும் காட்டத் தேவையில்லையாம். எனக்கும் இது வசதி. அத்தானின் போன் அவரோடு வயல் வட்டைக்குப் போய்விடுகிறது. வித்துவோ போனில் “ஓம்”, “இல்ல” தவிர வாய் திறக்கிறாள் இல்லை. தகப்பன் கட்டாரிலிருந்து எடுத்தாலும் இதே கதைதான்.

அவளுக்கு ஒரு பந்தியும் கேள்விகளும் வைத்திருக்கிறேன். உதவி செய்யாமல் எழுத விடுங்கள்.

அன்புத் தங்கை,
சுலோஜனா


கொக்கட்டிச்சோலை,
29.05.2025

அன்புத் தங்கச்சி சுலோவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் நோவு வழமைபோல இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன்னைப் பாயில் இருத்திய கதையில் நானும் வித்துவும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து போனோம். அந்தக் குறிப்பு எழுதுகிறவளிடம் கவனம். சிரிக்கிறவளை நம்பாதே. பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு இருந்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

எங்கள் வித்துவைக் கேள். வெள்ளிக்கிழமை கோயிலில் புராணப் படிப்பு. வித்து நாலு பாட்டுப் படித்தாள், அத்தான் பயன் சொன்னார். ஒரு எழுத்துத் தடுக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்தவ எழும்பி வந்து, “ஆருட புள்ள கா இது?” என்று கேட்டா. “எங்கட புள்ளதான்” என்றேன்.

விடைகளை அவளே எழுதினாள். நான் கிட்டவும் போகவில்லை.

ஒரு ஞாயிறு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. பஸ் ஓடுகிறதுதானே.

உன் அக்கா,
இலட்சுமிப்பிள்ளை


வாகரை,
10.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானின் முழங்காலுக்குப் பழைய எண்ணெயையே பூசிக்கொண்டிராமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

வித்துவின் விடைகள் வந்தன. பந்தியில் ஒரு மீன்பிடிகாரர் வானத்தைப் பார்க்கிறார், தோணியைக் கரையில் இழுத்து வைக்கிறார். ‘அவர் ஏன் தோணியைக் கரையில் இழுத்து வைத்தார்?’ என்பது கேள்வி. வித்துவின் விடை: ‘அவர் தோணியைக் கரையில் இழுத்து வைத்தார்.’ எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விளக்கம் எங்கே அக்கா? என் வகுப்புப் பிள்ளைகளும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இத்தனை காலம் நானும் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

போன கிழமை ஜிப்ரி சேர் சொன்னார்: “சில விடை பந்தியிலயே கிடக்கும். சில விடை வரிக்கும் வரிக்கும் நடுவுல ஒளிச்சிருக்கும். சிலது பந்தியிலயே இல்ல, வாசிக்கிற ஆளுட மண்டைக்குள்ளதான் இருக்கும்.” என் பிள்ளைக்கு முதலாவதைத் தாண்டவே தடுமாற்றம். கோயிலில் இவள் படிக்கிறாள், பொருளை அத்தான் சொல்கிறார். பாதி வேலைதானே அவளுடையது.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். போனில் பேசினால் பிள்ளையின் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். ரவுனில் பெண் பிள்ளைகளுக்கு நல்ல விடுதி ஒன்று இருக்கிறது. வருகிற வருடம் ஐந்தாம் வகுப்புக்கு அவளை அங்கே விட நினைக்கிறேன். ஓகஸ்ட் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் உங்கள் அலுமாரியில் இருக்கிறது. அனுப்பி வையுங்கள். உங்கள் மனதில் உள்ளதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

தங்கை,
சுலோஜனா


கொக்கட்டிச்சோலை,
24.06.2025

அன்புத் தங்கச்சி சுலோவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்லுகிறது. அங்கே கடல் காற்றாவது இருக்கும்.

அத்தானைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். குளிசை தந்தார்கள். தோணிக்காரன் கதைக்கு வித்து எழுதிய விடையில் என்ன பிழை? அவன் இழுத்து வைத்தான்தானே. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறாய்? உங்கள் பாய்ப் பயிற்சி உன்னைக் கெடுத்துவிட்டது.

வேறு என்ன. வட்டையில் வேளாண்மை நன்றாக வந்திருக்கிறது. உன் அத்தான் கிணற்றுக் கட்டைத் திருத்துகிறார். கோயில் தேர் நெருங்குகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. உன் கடிதம் தடிப்பாக வருகிறது, விஷயம் மட்டும் கொஞ்சமாக இருக்கிறது. முன்பெல்லாம் நீ இப்படி இல்லை. என்னிடம் சொல்ல விரும்பாதது ஏதும் இருக்கிறதா?

உன் அக்கா,
இலட்சுமிப்பிள்ளை


வாகரை,
06.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் சுகம் என்று படித்தேன், சந்தோஷம்.

என் கடிதத்தில் விஷயம் கொஞ்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய விஷயத்தை எழுதியிருந்தேன். அதற்கு நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. முழங்காலுக்குப் பதில் வந்தது, தோணிக்குப் பதில் வந்தது. விடுதிக்கும் சான்றிதழுக்கும் வரவில்லை.

‘எழுதியவர் எதைச் சொல்லவில்லை என்று பாருங்கள்’ என்று இப்போது பழக்குகிறார்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் முன்னையைவிடப் பெரிதாகிவிட்டன. ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான். குறைவாகச் சொல்ல நினைக்கிறவர்தான் தாளை நிரப்பப் பெரிதாக எழுதுவார் என்பது என் முடிவு. அந்தப் பயிற்சியில் எனக்குப் பக்கத்தில் இருப்பவ ஓட்டமாவடி றஸீனா டீச்சர். அவவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். “ஆதாரம் பத்தாது டீச்சர், வேறயும் காரணம் இருக்கலாம்” என்றா. அவவுக்கு எங்கள் குடும்பம் தெரியாது.

வித்து போனில் ஒன்று சொன்னாள்: “பெரியப்பா கிணத்துக் கட்டுல எண்ட பேர எழுதினவரு.” அதை ஏன் நீங்கள் எழுதவில்லை? நம் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண்ணோடு போவது. உங்கள் மகன்மார் இருவரும் கலியாணம் முடித்துப் பெண் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். உங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

இரண்டாம் தரம் கேட்கிறேன். சான்றிதழை அனுப்புவீர்களா, மாட்டீர்களா?

சுலோஜனா


கொக்கட்டிச்சோலை,
20.07.2025

அன்புத் தங்கச்சி சுலோவுக்கு,

உன் சுகத்தை அறிந்தோம். எங்களுக்கும் குறையில்லை. வேளாண்மை வெட்டுக்கு ஆள் பிடிக்க உன் அத்தான் அலைகிறார்.

தேருக்கு வித்துவுக்குச் சட்டை தைக்க வேண்டும். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டு வருகிற நபீஸா மயில் கழுத்து நிறத்தில் ஒரு துணி வைத்திருக்கிறா. விலை கொஞ்சம் கூட. ஆனாலும் பிள்ளையின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

மேலே எழுதியதற்கு ஆற அமர யோசித்துப் பதில் எழுது. நான் கோபத்தில் எழுதவில்லை. இதை எழுத எனக்கு நாலு நாள் எடுத்தது. அத்தானிடமும் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போய்விட்டார். உன் பதில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒரு நாள் வந்து போ என்று எத்தனை தரம் எழுதுவது? மற்ற டீச்சர்மாரும் வீட்டை மறந்துவிட்டா இருக்கிறார்கள்?

உன் அக்கா,
இலட்சுமிப்பிள்ளை


வாகரை,
31.07.2025

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

மற்ற டீச்சர்மார் போய் வருகிறார்கள். அவர்களை அந்தக் குறிப்புக்காரி குறித்து வைத்திருப்பா. நான் போகவில்லை. இங்கே படும் பாடெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றம் கிடைக்கத்தான். ஓகஸ்ட் விடுமுறையிலும் பயிற்சி இருக்கிறது. இருக்கப் போகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள். இதற்கெல்லாம் என்னிடம் கேட்டு எழுத வேண்டுமா? நாலு நாள் யோசிக்க வேண்டிய விஷயமா இது?

ஒரு சட்டைத் துணிக்கு இத்தனை ஆயத்தம். பிள்ளையின் படிப்புக்கு ஒரு வரி இல்லை. மூன்றாம் தரமாகவும் கடைசித் தரமாகவும் கேட்கிறேன். சான்றிதழ் எங்கே? என் பிள்ளையை உங்கள் வீட்டுக்குப் பிள்ளையாக்கப் பார்க்கிறீர்கள் என்று நான் நினைக்கிறேன். நினைக்கக்கூட விரும்பவில்லை, ஆனால் நீங்கள் வாய் திறக்காவிட்டால் வேறு என்னத்தை நினைப்பது? அம்மாவுக்குப் பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். அதனால் இதை எழுதிக் கிழித்து மறுபடி எழுதினேன். அதற்காக எழுதாமல் விட முடியவில்லை.

சுலோஜனா


கொக்கட்டிச்சோலை,
12.08.2025

தங்கச்சி சுலோவுக்கு,

இங்கே சுகம்.

‘உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள்’ என்று எழுதிவிட்டாய். ‘இதற்கெல்லாம் என்னிடம் கேட்க வேண்டுமா’ என்றும் எழுதிவிட்டாய். பெற்றவள் இப்படி எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு அங்கே வேறு ஏதோ யோசனை இருக்கிறது. அது என்னவென்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

தேர் முடியட்டும். பிறகு பார்ப்போம். உடம்பைக் கவனித்துக்கொள்.

இலட்சுமிப்பிள்ளை


வாகரை,
24.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு சட்டைத் துணிக்கா இத்தனை மனவருத்தம் என்று முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வரிக்கு மேல் மற்ற வரி ஏறிக் கிடந்ததைப் பார்த்து, ஆத்திரத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன்.

நேற்றுப் பயிற்சியில் ஒரு வேலை தந்தார்கள். ஒருவர் பந்தியை வாசிக்க வேண்டும், மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கருத்தைச் சொல்ல வேண்டும். நம் கோயிலில் படிப்பதும் பயன் சொல்வதும் போலத்தான். றஸீனா டீச்சர் வாசித்தா. நான் கேட்டுக்கொண்டிருந்து முழுக் கதையையும் சொன்னேன். அவ சிரித்தா.

“நடுவுல மூணு வரி விட்டுட்டுத்தான் வாசிச்சன் டீச்சர். அப்பிடித்தான் செய்யச் சொன்னவரு சேர். நீங்க ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்க.”

“எனக்குத் தெரியவே இல்லையே” என்றேன்.

“தெரியாமத்தான் விடணும். விட்ட இடத்துக்கு முன்னால உள்ளதும் பின்னால உள்ளதும் ஒட்டணும் எண்டா, வாசிக்கிற ஆளுக்குக் கதை முழுக்க விளங்கியிருக்கணும்.”

இரவு உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கினேன். முழங்காலுக்குப் பதில் வந்தது. தோணிக்குப் பதில் வந்தது. பிள்ளையைக் கூட்டிப் போகிற பேச்சுக்கு மட்டும் மூன்று தரமும் பதில் வரவில்லை. தடிப்பான கடிதத்தில் விஷயம் கொஞ்சம் என்று நீங்கள் எழுதினீர்கள். பெரிய எழுத்து. ஏறிக் கிடக்கிற வரிகள். உறையில் முகவரி எல்லாத் தரமும் வித்துவின் கையெழுத்து.

அக்கா, உங்கள் கண்ணுக்கு என்ன? எப்போதிருந்து? என் கடிதங்களை நீங்கள் வாசிக்கவே இல்லைதானே?

வித்து, இதை நீதான் பெரியம்மாவுக்கு வாசிக்கிறாய். அம்மாவுக்குக் கோபம் இல்லை மகள். இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் விடாதே. பழைய கடிதங்களில் நீ விட்ட வரிகளையும் எடுத்து வாசித்துக் காட்டு. பெரியம்மாவைப் பற்றி நான் பிழையாக எழுதியவையும் அதில் இருக்கின்றன. அவற்றையும் வாசி. பெரியம்மா என்னை ஏசினால், ஏசியதை எழுது.

சுலோ


கொக்கட்டிச்சோலை,
30.08.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வித்து எழுதுகிறேன். நான் சுகம். பெரியப்பா சுகம். பெரியம்மாவுக்குச் சுகம் இல்லை. இவ்வளவு நாளும் சுகம் என்று எழுதியது பொய்.

நான் விட்ட வரிகளை எல்லாம் வாசித்துக் காட்டினேன். வீட்டுக்குப் பிள்ளையாக்கப் பார்க்கிறீர்கள் என்ற வரியை மட்டும் மெல்லமாக வாசித்தேன். பெரியம்மா கேட்டுவிட்டா. உங்களை ஏசவில்லை. “அவள் கேட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லலியே, பாவம், அவள் வேற என்னத்த நினைப்பாள்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. கிணற்றுக் கட்டில் என் பெயர் மட்டும் இல்லை அம்மா. உங்கள் பெயரும் இருக்கிறது, மேலே. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. பெரியம்மா ஜூலையில் எழுதிய கடிதத்தில் மூன்று தாள். நடுத் தாளை நான் எடுத்துவிட்டுத்தான் தபாலில் போட்டேன். சட்டைக் கதைக்குப் பிறகு வருகிற தாள். அதில் இப்படி இருக்கிறது:

‘சுலோ, இதை உனக்கு மறைத்துவிட்டேன். எனக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டது. வெண்படலமாம். வெட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் நாள் தருவார்களாம். கைப்பழக்கத்தில் எழுதுகிறேன், எழுதியது எனக்கே தெரியாது. உன் கடிதங்களையும் வித்துதான் வாசித்துச் சொல்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குக் கண்ணாக இருக்கக் கூடாது. அவளை நீ கூட்டிக்கொண்டு போ. நான் மறிக்க மாட்டேன். நீ வருகிற நாளை மட்டும் எனக்கு முன்னமே சொல்லாதே.’

பெரியம்மா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டா என்று நினைத்துத்தான் அந்தத் தாளை எடுத்தேன். பிறகு இரவில் பாய்க்கு அடியில் இருந்து எடுத்து எடுத்து வாசித்தேன். அப்படி இல்லை என்று விளங்கியது. அதற்குள் கடிதம் போய்விட்டது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பெரியம்மாவுக்கு வருகிற மாதம் கண் வெட்டு. யார் கூடப் போவது என்று பெரியப்பா யோசிக்கிறார். சான்றிதழ் இதோடு இருக்கிறது. பெரியம்மாதான் தடவிப் பார்த்து எடுத்துத் தந்தா.

தோணிக்காரர் ஏன் தோணியை இழுத்து வைத்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். மழை வரப் போகிறது. ஆனால் பந்தியில் இல்லாததை எழுதினால் எங்கள் டீச்சர் பிழை போடுவா.

நீங்கள் எனக்குக் கேள்வி அனுப்பியதுபோல நானும் ஒன்று அனுப்புகிறேன்.

கேள்வி: வாகரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் பஸ் ஓடுகிறது. மற்ற டீச்சர்மார் வீட்டுக்குப் போய் வருகிறார்கள். அம்மா ஏன் வரவில்லை?

பயிற்சி என்று எழுத வேண்டாம். அது பந்தியிலேயே இருக்கிறது.

உங்கள் மகள்,
விதுர்ஷா